இருபத்துமூன்றாம் இடம்

ஆர்க்கிடெக்ட் என்றால் வீட்டுக்குப் படம் போடுகிறவள் என்றுதான் அம்மா ஊரில் சொல்லிவைத்திருந்தாள். பதினோரு வருடங்களாக நானும் அதைத் திருத்தவில்லை. யாராவது, "பவுனம்மா, உம் பொண்ணு கட்ன பில்டிங் எங்க கீது?" என்று கேட்டால், "சிறுசேரி பக்கம் போய்ப் பாரு. கண்ணாடியா நிக்குதே, அத்தினியும் அவதான்" என்பாள்.

அந்தத் தை மாதம் எங்கள் அலுவலகத்திலிருந்து ஐந்து பேர் இரண்டு கார்களில் எங்கள் குப்பத்துக்கு வந்து இறங்கியபோது அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. எங்கள் குப்பம் தோணிரேவுக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியைப் பார்த்தாற்போல் இருக்கிறது. ஏரியில் யாருக்கு எந்த நாள் மீன்பிடி முறை என்பதை நோட்டிலிருந்து போனுக்குக் கொண்டுவரும் வேலை. ஒரு அறக்கட்டளை எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியிடம் கொடுத்திருந்தது.

"அஞ்சு பேருமா ஆர்க்கிடெக்டு?" என்று அம்மா என் காதில் கேட்டாள். "ஒரு கொட்டாய் போட இன்னாத்துக்குடி அஞ்சு மேஸ்திரி?"

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு வேலம்மா."

"சொல்லு, கேப்போம்."

"அந்தக் கண்ணாடி போட்ட அம்மா, மனோரமா மேடம், என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட். ஏரியச் சுத்தி இருக்கற எல்லாக் குப்பத்துக்கும் சேத்து எது பொது, எது தேவன்னு பாக்கறவங்க. பக்கத்துல ஜெகதீஸ்வரன் சார். சொல்யூஷன். நம்ம ஊருக்கு இன்னா வேணும்னு நாலு பேராண்ட கேட்டு, எங்க எல்லாரோட வேலையும் ஒண்ணா கோக்கறவர். கொம்பு மாதிரி மிஷின தூக்கிக்கினு நிக்கறானே வினோத், அவன் இன்ஃப்ரா. கரண்டு, சிக்னல், பொட்டி எங்க வெக்கறதுன்னு பாப்பான். தாடி வெச்சவர் ஆபிரகாம் சார். செக்யூரிட்டி. யார் எந்தக் கதவத் தொறக்கலாம், யார் தொறக்கக் கூடாதுன்னு சொல்றவர்."

"நீயி?"

"நான் டேட்டா. எது கீது, எது இல்லன்னு எழுதறது."

அம்மா கூடையிலிருந்து ஒரு காரப்பொடி மீனை எடுத்துத் திருப்பிப் பார்த்து மறுபடி போட்டாள்.

"அப்ப நீ புஸ்தகக்காரி" என்றாள்.

எங்கள் ஊரில் அது நல்ல சொல் அல்ல. எங்கள் வீட்டில் அது கெட்ட வார்த்தை.

*

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு உள்பக்கம் இறால் நன்றாக விழும் இடங்கள் மூன்றுதான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் வெட்டுக்குத்தில் முடியும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை கோயில் முன்னால் சீட்டு எடுத்து, எந்த நாள் யாருக்கு எந்த இடம் என்று வரிசை போடுவார்கள். பாடு என்று பெயர். ஒருவன் முறையில் இன்னொருவன் வலையைக் கொண்டுபோய் நிற்கக் கூடாது. அவன் வரவில்லை என்றாலும் கூடாது.

பாட்டில் பேர் ஏற வேண்டுமென்றால் அப்பன் பேர் அதில் இருக்க வேண்டும். மகனுக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் வீட்டோடு மாப்பிள்ளைக்கு இடம் கிடையாது. இவை எதுவும் எழுதி வைக்கப்பட்டதில்லை. எழுதி வைத்தது பேர்களை மட்டும்தான். நீளமான ஒரு நோட்டில், ஒன்று முதல் ஐம்பத்தெட்டு வரை.

அந்த நோட்டை எழுதியவர் செங்கல்வராயன் மாமா. ஆரம்பாக்கத்திலிருந்து எங்கள் குப்பத்தில் பெண் எடுத்து, பெண் வீட்டிலேயே தங்கிவிட்டவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அப்போது கைநாட்டுதான். எழுதத் தெரிந்தவன் ஒருவன் கிடைத்ததும் நோட்டை அவனிடம் கொடுத்துவிட்டார்கள். பாட்டில் பேர் இல்லாத ஒருவனிடம், பேர்களை எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். இருபது வருடங்களாக யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் ஊர் செய்த தவறு அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக நடந்தது.

சுனாமி அலை வந்தபோது என் அப்பாவுக்கு, நைனாவுக்கு, தொடை எலும்பு முறிந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தார். கோயிலில் இருந்த பாட்டு நோட்டு உப்புத் தண்ணீரில் ஊறிப்போய்விட்டது என்று செங்கல்வராயன் மாமா புதிய நோட்டில் பேர்களைப் படி எடுத்தார். சீட்டு எடுக்கும் நாளில் நைனா கக்கத்தில் கட்டையோடு போய் நின்றார். அவருடைய துண்டைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். எனக்குப் பதினான்கு வயது.

பேர் படித்தார்கள். இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்துமூன்று என்றதும் நைனா கையைத் தூக்கினார். அது எப்போதும் அவருடைய எண்.

"இருபத்துமூணு, செங்கல்வராயன்" என்று படித்தார் செங்கல்வராயன்.

"அது என்னுது" என்றார் நைனா. "எம் பேரு எங்க?"

"புஸ்தகத்துல இல்ல, திருவேங்கடம். இல்லாதத எப்பிடிப்பா படிக்கிறது?"

யாரோ ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அலைக்குப் பிறகு ஊரில் எல்லோருடைய நிவாரண மனுவையும் எழுதிக் கொடுத்தவர் செங்கல்வராயன் மாமா. இன்னும் எழுத வேண்டிய மனுக்கள் பாக்கி இருந்தன. நைனா சிறிது நேரம் கையை இறக்காமலே நின்றார். பிறகு இறக்கினார். அந்தக் கை இறங்கியது எனக்கு இன்றும் தெரிகிறது.

நான் முறைக்குச் சித்தப்பா என்று கூப்பிடும் சுப்பன் மட்டும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். "காலு போனா இன்னாண்ணா, கை கீதுல்ல? எம் போட்ல வா" என்று கடலுக்குக் கூட்டிப்போனார். அடுத்த ஆடியில் முகத்துவாரத்தில் போட் கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்தினார்கள். நைனாவுக்கு ஒரு கால்தான் நீந்தியது. இரண்டு நாள் தேடி, சுப்பன் சித்தப்பாதான் அவரைத் தோளில் போட்டுக் கொண்டுவந்தார்.

ஊறிய பழைய நோட்டை செங்கல்வராயன் மாமா கோயிலுக்குப் பின்னால் குப்பையில் எறிந்திருந்தார். அம்மா அதைப் பொறுக்கி வந்து கருவாட்டோடு மணலில் காயப்போட்டாள். பக்கம் பக்கமாகப் பிரித்து, மேலே சிப்பி வைத்து. இருபத்துமூன்றாம் வரி தெளிவாக இருந்தது. எடுத்துக்கொண்டு ஊர்க் கூட்டத்துக்குப் போனாள். பழைய புத்தகம் செல்லாது, புதுப் புத்தகம்தான் புத்தகம் என்று ஊர் சொன்னது. அம்மா திரும்பி வந்து அதைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

எந்தப் புத்தகம் செல்லும் என்று முடிவு செய்பவர் ஒருவர் எங்கேயும் இருக்கிறார். கல்லூரியில் அந்த வேலைக்கு டேட்டா ஆர்க்கிடெக்ட் என்று பெயர் சொன்னார்கள். நான் வேறெதையும் படிக்க யோசிக்கவில்லை.

*

கோயில் முன் கூட்டத்தை ஜெகதீஸ்வரன் சார்தான் நடத்தினார். அவருக்கு அது கைவந்த கலை. கிழவர்களிடம் வலையைப் பற்றிப் பேசுவார், பிள்ளைகளிடம் போனைப் பற்றிப் பேசுவார், இரண்டு பக்கமும் கேட்டதைக் குறித்துக்கொண்டு வந்து எங்களிடம் சண்டை போடுவார்.

செங்கல்வராயன் மாமா முதல் வரிசையில் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. பக்கத்தில் மகன் பிரகாஷ். கல்யாணமாகி, அப்பன் வழியாக அவனுக்கும் பாட்டில் இடம் வந்திருந்தது. மடியில் மூன்று வயதுக் குழந்தை.

என்னைப் பார்த்து மாமா சிரித்தார். "நம்ம திருவேங்கடம் பொண்ணா? பெரிய ஆளாய்ட்ட போ. உங்க நைனா இருந்திருந்தா பூரிச்சுப் பூடுவான்."

நான் வணக்கம் சொன்னேன்.

"பழைய நோட்டு, கைக்குறிப்பு, எது கிடைச்சாலும் அப்படியே படம் எடுத்து உள்ள வைக்கலாங்களா?" என்று ஜெகதீஸ்வரன் சார் கேட்டார். "பின்னாடி யாரும் சந்தேகப்படக் கூடாது. அதுக்கு உங்க சம்மதம் வேணும்."

அந்தக் கேள்வியை அவருடைய பட்டியலில் சேர்த்தவள் நான்.

"எல்லாத்தையும் போடுங்க சார்" என்று மாமா சத்தமாகச் சொன்னார். "நம்ம ஊர்ல ஒளிவு மறைவு கெடையாது." முத்து முத்தான எழுத்தில் கையெழுத்துப் போட்டார். ஊர் கை தட்டியது. பழைய நோட்டு இருபது வருடங்களுக்கு முன்பே மக்கிப் போயிருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அம்மாவின் பெட்டியிலிருந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு சிறுசேரிக்குத் திரும்பி நான் விதிகளை எழுதினேன். ஏழாவது விதி இது: தந்தை வழியாகப் பழைய புத்தகத்தில் பெயர் இல்லாதவர் பாட்டு உறுப்பினர் அல்லர்.

அதைவிட நேர்மையாகத் தோன்றும் ஒரு வாக்கியத்தை நான் எழுதியதில்லை. அதில் யார் பேரும் இல்லை. கோபம் இல்லை. ஊர் வழக்கத்தை அப்படியே எழுதியதுபோல இருந்தது. அது கம்ப்யூட்டரில் ஓடும் நாளில் செங்கல்வராயன் என்ற வரி இருக்காது, பிரகாஷ் என்ற வரி இருக்காது. அவர் கை தூக்குவார். நான் சொல்ல வேண்டிய வாக்கியம் இருபது வருடங்களாகத் தயாராக இருந்தது. அவருடைய வாக்கியம்தான் அது: புஸ்தகத்துல இல்ல.

வடிவமைப்பைப் பரிசீலிக்கும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் அவரவர் பக்கத்தைப் பார்த்தார்கள். மனோரமா மேடம் ஒரு கேள்விதான் கேட்டார்: இதே வடிவம் மற்ற குப்பங்களுக்கும் பொருந்துமா? பொருந்தும் என்றேன். வினோத், ஏரிக்குள் சிக்னல் நிற்காது என்பதால் ஏலக் கொட்டகையில் ஒரு பெரிய திரை வைத்துவிடலாம், போன் இல்லாதவர்களும் பார்க்கட்டும் என்றான். ஜெகதீஸ்வரன் சார் தேதியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார். எல்லோரும் சரி சொன்னார்கள். அவரவர் அறையை அவரவர் சுத்தமாக வைத்திருந்தார்கள். அறைக்கும் அறைக்கும் நடுவில் இருக்கும் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை.

கூட்டம் முடிந்து டீ எடுக்கும் இடத்தில் ஆபிரகாம் சார் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"திருடன் மாதிரி யோசிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம், சத்யா."

"தெரியும் சார்."

"உங்க டிசைனுக்குள்ள போய் ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். வெளியிலேருந்து யாரும் வர வழியில்லை. நல்லா அடைச்சிருக்கீங்க." டீயை ஆற்றினார். "ஆனா உள்ள ஏற்கெனவே ஒரு ஆள் கத்தியோட உட்கார்ந்திருக்கு."

நான் டீக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவரும் அவசரப்படவில்லை. பேசாமல் இருப்பதில் எனக்குச் சமமான ஆள் அலுவலகத்தில் அவர் ஒருவர்தான்.

"ஏழாவது விதி யாருக்காக?" என்று கடைசியில் கேட்டார்.

"ஊருக்காக."

"ஊர்ல எத்தனை பேர் வெளிய விழறாங்க? ஓட்டிப் பார்த்தீங்களா?"

இல்லை. ஓட்ட வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பேர் என்பது எனக்கு மனப்பாடம்.

"ஓட்டிப் பார்த்துட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. அப்புறம் நான் கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு பார்க்கிறேன்."

அன்றே ஓட்டினேன். திரையில் மூன்று வரிகள் வந்தன.

செங்கல்வராயன்.
பிரகாஷ்.
சுப்பன்.

*

சுப்பன் சித்தப்பா, வெளியூர்க்காரரான அப்பாவைச் சிறுவயதிலேயே இழந்தவர். அவருடைய தாய்மாமனுக்குப் பிள்ளையில்லை. மாமன் இறந்தபோது அந்த இடத்தைச் சுப்பன் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஊர் வாயால் சொன்னது. பழைய நோட்டில் மாமன் பேர்தான் இருந்தது. யாரும் அதைத் திருத்தவில்லை, எல்லோருக்கும் தெரியும் என்பதால்.

அவருக்கு மட்டும் விலக்கு எழுதப் பார்த்தேன். மூன்று நாள் எழுதி எழுதி அழித்தேன். விலக்குக்கும் காரணம் வேண்டும். "ஊர் வாய்ச் சம்மதம்" என்று காரணம் எழுதினால் செங்கல்வராயனும் அதே கதவு வழியாக உள்ளே வந்துவிடுவார். அவர் பேரைப் படித்தபோது ஊர் சும்மாதானே இருந்தது? வாயைத் திறக்காததும் சம்மதம்தான் என்று அவர் சொல்லலாம். சுப்பனை உள்ளே வைத்து அவரை வெளியே தள்ளும் ஒரு விதியும் கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கும் இடையில் இருந்த ஒரே வித்தியாசம் என் வெறுப்பு. அதற்கு ஒரு கட்டம் போட முடியாது.

வியாழக்கிழமை காலை பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். அம்மா மணலில் உட்கார்ந்து நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. "சுப்பங்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"இன்னான்னு?"

"உம் பேரும் போவுதுடான்னு. அவன் போனாலும் போவட்டும். இவன் போவணும்."

"நைனாவத் தோள்ல போட்டுக்கினு வந்தவரும்மா."

"எனக்குத் தெரியாதா? நான்தான கீழ எறக்குனேன்?"

அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்வது அவளுக்கே வலிக்கிறது, ஆனாலும் சொல்கிறாள் என்றால் எனக்குப் பரவாயில்லை. வலிக்கவில்லை. அந்த இடம் காய்ந்துபோயிருந்தது. என் முகமும் ஆபிரகாம் சாருக்கு இப்படித்தான் தெரிந்திருக்கும்.

காற்று தெற்கிலிருந்து வந்தது. நெத்திலி வெயிலில் சுருண்டது.

"அந்த நோட்ட இன்னாத்துக்கும்மா வெச்ச?" என்று கேட்டேன். "செல்லாதுன்னு சொன்னப்பவே கிழிச்சிருக்கலாமே."

"கிழிச்சா?" என்று நிமிர்ந்தாள். "கிழிச்சிருந்தா அவன் செஞ்சது எனக்கே மறந்து பூட்டிருக்கும். அவன் மூஞ்சப் பாத்துச் சிரிச்சிருப்பேன்டி, நாலு வருசம் போனா. தெனம் பொட்டியத் தொறந்து பாக்கறதுக்குத்தான் வெச்சேன்."

நான் சாவியை வாங்கிப் பெட்டியைத் திறந்தேன். நோட்டு கருவாட்டு வாசனை அடித்தது. இருபத்துமூன்றாம் வரிக்கு மேலே ஒரு மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. திருவேங்கடம். அதுவும் செங்கல்வராயன் மாமாவின் எழுத்துதான். அவ்வளவு அழகாக எழுதியிருந்தார்.

அழிக்கப்பட்டவர்களை யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. நைனாவைப் பற்றி இன்று ஊரில் யார் பேசுகிறார்கள்? அழித்துவிட்டால் இவரும் அப்படியே தப்பித்துவிடுவார். பாவம், கிழவன், கம்ப்யூட்டர் பேரை முழுங்கிவிட்டது என்பார்கள்.

அவர் இருக்க வேண்டும்.

*

ஏழாவது விதியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பேருக்கும் கீழே இரண்டு கட்டங்கள் சேர்த்தேன். ஒன்று, உரிமை வந்த வழி. இன்னொன்று, எழுதியவர். பக்கத்தில் இரண்டு நோட்டின் படமும்.

மீதியை மற்றவர்கள் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார்கள். எதையும் அழிக்க முடியாது, திருத்தினால் பழையதும் புதியதும் சேர்ந்தே நிற்கும் என்பது ஆபிரகாம் சாருடைய ஏற்பாடு. ஏலக் கொட்டகைத் திரை வினோத்துடையது. எல்லாக் குப்பங்களுக்கும் ஒரே வடிவம், ஒரு ஊருக்காக ஒரு கட்டத்தை மறைக்க முடியாது என்பது மனோரமா மேடம் போட்டது. ஊர் முன்னால் வாங்கிய சம்மதக் கையெழுத்து ஜெகதீஸ்வரன் சாரிடம் பத்திரமாக இருந்தது. நான்கு பேரும் அவரவர் சுவரை நேராகத்தான் எழுப்பியிருந்தார்கள். நடுவில் செங்கல்வராயன் மாமாவை உட்கார வைத்தது மட்டும் நான்.

ஆபிரகாம் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல இருக்கிறது எல்லாம் உண்மையா?"

"ஒவ்வொரு எழுத்தும் சார்."

"அப்ப நான் தடுக்க முடியாது." கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, "முதல்ல எழுதினதைவிட இது மோசம், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் சார்."

சித்திரையில் சீட்டு எடுத்தார்கள். இந்த முறை ஏலக் கொட்டகையில், திரைக்கு முன்னால். மாமா புது வேட்டி கட்டி வந்திருந்தார். தேங்காய் உடைத்தவரும் அவர்தான். பேர்கள் ஒவ்வொன்றாக மேலேறின. முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

"ஒம்போது, சுப்பன். உரிமை வந்த வழி, தாய்மாமன் இடம், ஊர் வாய்ச் சம்மதம்" என்று பிரகாஷ்தான் படித்தான். நன்றாகப் படிப்பான். அப்பன் கொடுத்த குரல்.

"டேய் சுப்பா, உங்க மாமன் டிவில வந்துக்கீறாரு. மாலய போடுறா!" என்று யாரோ கத்தினார்கள். சித்தப்பா வெட்கப்பட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

இருபத்தொன்று. இருபத்திரண்டு.

"இருபத்துமூணு, செங்கல்வராயன். உரிமை வந்த வழி..." பிரகாஷ் நிறுத்தினான். கொட்டகையில் படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். திரையில் இரண்டு படங்கள் அருகருகே இருந்தன. செதில் ஒட்டிய பழைய பக்கம். சுத்தமான புதுப் பக்கம். இரண்டிலும் ஒரே கையெழுத்து. கீழே:

திருவேங்கடத்தின் இடம். பெயர் மாற்றப்பட்டது. எழுதியவர்: செங்கல்வராயன்.

"இன்னாடா நிறுத்திட்ட? படி" என்றார் படிக்கத் தெரியாத ஒருவர்.

பிரகாஷ் படிக்கவில்லை. அப்பன் பக்கம் திரும்பினான். "நைனா. இன்னா இது?"

மாமா திரையைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மறைந்து நிற்கவில்லை.

"அது... அலையில நனைஞ்சு பூட்ச்சுடா. ஈரத்துல எழுத்து தெரியல. ஞாபகத்துல எழுதனேன்."

"தெரியுதே, நைனா" என்றான் பிரகாஷ்.

அதட்டலாகச் சொல்லவில்லை. குழந்தை சொல்வதுபோல, கண்ணில் பட்டதைச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அன்று சிரித்தவர் யாரென்று எனக்குத் தெரியும். அவரும் அங்கேதான் இருந்தார், தரையைப் பார்த்துக்கொண்டு. சுப்பன் சித்தப்பா மட்டும் திரைக்கு அருகில் போய் நைனாவின் பேரைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

*

மத்தியானம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றார். "பவுனம்மா" என்று கூப்பிட்டார். இருபது வருடத்தில் முதல்முறை. அம்மா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"சத்யாம்மா" என்றார் என்னிடம். "எம் பேர எடுத்துடும்மா. எனக்குப் பாடே வேணாம்."

"எடுக்க முடியாது மாமா. அதுல அழிக்கற வழியே கெடையாது. யாராலயும் முடியாது."

"நீதான எழுதன?"

"எழுதறதுதான் எம் வேல."

"சரி, உங்க நைனா பேர அங்க போட்டுடு. நான் ஊர் முன்னாடி சொல்றேன். கால்ல வுழறேன்."

"நைனா பேரு அங்கதான் கீது. நீங்க மாத்தனதும் அதுக்குப் பக்கத்துலயே கீது."

அவர் படலைப் பிடித்துக்கொண்டார். நோட்டை எழுதிய அந்த விரல்களைத்தான் நான் பார்த்தேன், முகத்தை அல்ல.

"புள்ள காலைலேர்ந்து எங்கிட்ட பேசல" என்றார். "நான் இன்னும் எத்தினி நாளு? நான் போனப்பறமாச்சும்..."

"அப்பவும் இருக்கும் மாமா. பிரகாஷ் பேருக்குக் கீழ வரும். அவம் புள்ளைக்குக் கல்யாணமானா அவன் பேருக்குக் கீழயும் வரும்."

அதைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. கேட்டதற்கு முதல் பாதியே பதில். அந்த மூன்று வயதுக் குழந்தையின் முகம் எனக்குத் தெரியும். ஜெகதீஸ்வரன் சாரின் பேனாவை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. தெரிந்துதான் சொன்னேன். சொல்லும்போது வாயில் இனிப்பாக இருந்தது.

மாமா போய்விட்டார். அம்மா அப்போதுதான் திரும்பி, அவர் நின்ற இடத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அந்தப் படலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

*

பதினெட்டு நாள் கழித்து அவர் முறை வந்தது. நான் சிறுசேரியில் இருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா போன் செய்தாள். ஏலக் கொட்டகையில் திரைக்கு எதிரில் நின்று பேசினாள். படிக்கத் தெரியாது என்றாலும் 2, 3 என்ற எண்களின் உருவம் அவளுக்குப் பழக்கம்.

"நம்ம நம்பரு எரியுதுடி. செவப்பா இன்னாவோ போட்டுக்கீது. இன்னாது?"

என் மேசையிலிருந்தே பார்த்தேன். ஒருவர் அன்றைக்கு வலை கட்டவில்லை என்றால் மாலையில் தானாகக் குறித்துக்கொள்ளும்படி ஜெகதீஸ்வரன் சார் ஒரு வசதி வைத்திருந்தார்.

"வரலன்னு போட்டுக்கீது."

"காலைலேர்ந்து பாக்கறேன். எடத்துல ஒரு கழி கூட நடல. அவம் புள்ளயும் வரல." அவள் குரலில் மூச்சு வாங்கியது. "மறுபடி எப்ப போடும்?"

"அவர் முறை வரப்பல்லாம்."

"அவன் வராத வரைக்குமா?"

"ஆமா."

போனில் ஏலச் சத்தம் கேட்டது, பிறகு காற்று, பிறகு வெறும் தண்ணீர். கொட்டகையை விட்டுக் கரைக்குப் போயிருக்கிறாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருபது வருடமாக நான் வைத்திருந்த இடம் பெரியது. வந்த சந்தோஷம் அதில் ஒரு மூலையில் உட்கார்ந்தது. ஆனால் வந்தது.

"சத்யா."

"சொல்லும்மா."

"தண்ணி எறங்கற நேரம். எறாலு துள்ளுது பாரு, அந்த எடத்துல. பானைல கொதிக்கறாப்புல துள்ளுது." நிறுத்தினாள். "ஒருத்தரும் தொடக் கூடாதுல்ல?"

"கூடாதும்மா. அவர் முறை."

"உங்க நைனாவோட முறை" என்றாள்.

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளும் போனை வைக்கவில்லை. தண்ணீர் வடிந்து தீரும் வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.